மீனும் மாவும் ஒரே தண்ணீரில்: மானாவாரி நிலத்தில் குட்டையும் தோப்பும்

[காட்சி: காய்ந்த செம்மண் நிலம். தூரத்தில் ஒரு மாந்தோப்பு.]

வணக்கம். ஐந்து ஏக்கர் மானாவாரி நிலம். ஒரு கிணறு உண்டு, ஆனால் மாசி பிறந்தால் அதில் தரை தெரியும். இப்படி ஒரு நிலம் வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்பது: குட்டை வெட்டி மீன் விடலாமா, கூடவே மாந்தோப்பும் வைக்கலாமா?

வைக்கலாம். ஆனால் இரண்டுக்கும் ஒரே தண்ணீர்தான். அது எந்த மாதம் மீனுக்கு, எந்த மாதம் மரத்துக்கு என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். ஜேசிபியைக் கூப்பிடுவதெல்லாம் அதற்குப் பிறகு.

[காட்சி: கண்மாய் மீன்பிடித் திருவிழா. ஊத்தா என்ற மீன்பிடிக் கூடையும் வலையுமாக இறங்கும் கூட்டம்.]

இந்தக் கணக்கு நமக்குப் புதிதில்லை. சிவகங்கை, புதுக்கோட்டை, மதுரைப் பக்கம் கண்மாய்கள் ஐப்பசி, கார்த்திகையில் நிறையும். அந்தத் தண்ணீரில் நெல் விளையும். அறுப்பு முடிந்து தண்ணீர் வற்றும்போது ஊர்ப் பெரியவர்கள் வெள்ளைத் துண்டை வீச, காத்திருக்கும் சனம் மொத்தமும் ஊத்தாவோடு இறங்கும். கோடை முழுக்கக் கண்மாயில் மீன் கிடக்க வேண்டும் என்று அங்கே யாரும் எதிர்பார்ப்பதில்லை. நம் குட்டையிலும் அதே ஒழுங்குதான். நெல்லுக்குப் பதில் மா.

ஏன் மா? கொய்யா, சப்போட்டா, நெல்லி, சீத்தா எல்லாமே வறட்சியைத் தாங்கும், எதையும் வைக்கலாம். மாமரத்தில் மட்டும் ஒரு வசதி உண்டு. காய்ப்புக்கு வந்த மாமரம் நன்றாகப் பூக்க வேண்டுமென்றால், பூப்பதற்கு முன் சில வாரங்கள் அதற்குத் தண்ணீர் காட்டக் கூடாது. காட்டினால் பூவுக்குப் பதில் தளிர் தள்ளும். ஆக, கார்த்திகை, மார்கழியில் குட்டை தளும்பி நிற்கும்போது மரம் தண்ணீர் கேட்காது. அந்தக் காலம் முழுக்க மீனுக்கு. பூ முடிந்து பிஞ்சு பட்டாணி அளவுக்கு வந்த பிறகுதான் மரத்துக்குப் பாய்ச்ச வேண்டும். அது மாசி, பங்குனி. அதற்குள் மீன் பிடிக்கும் பருவத்துக்கு வந்துவிடும். மீன் வெளியே, தண்ணீர் தோப்புக்கு.

[காட்சி: வரைபடம். 30 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழம், சரிந்த பக்கங்கள்.]

இப்போது கொஞ்சம் கணக்கு. மேலே 30 மீட்டருக்கு 30 மீட்டர், ஆழம் 2 மீட்டர். பக்கங்களைச் செங்குத்தாக வெட்டினால் முதல் மழையிலேயே சரியும். அதனால் ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஒன்றரை மீட்டர் சரிவு. அப்போது அடித்தளம் 24 மீட்டருக்கு 24 மீட்டராகக் குறையும். இந்தக் குட்டை பிடிப்பது சுமார் 14 லட்சத்து 60 ஆயிரம் லிட்டர். நிலத்தில் ஏறக்குறைய 22 சென்ட் போகும்.

இது நிறையுமா? ஒரு ஏக்கரில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழுவது 2 லட்சம் லிட்டர். அதில் பெரும்பகுதியை மண் குடித்துவிடும். கால்வாசி ஓடி வருகிறது என்று வைத்தால் 50 ஆயிரம் லிட்டர். ஐந்து ஏக்கர் தண்ணீரும் குட்டைக்கே வந்தால் இரண்டரை லட்சம். அப்படிப்பட்ட கனமழை ஆறு வேண்டும். வடகிழக்குப் பருவமழை ஒழுங்காகப் பெய்யும் வருடத்தில் கிடைக்கலாம், பொய்க்கும் வருடத்தில் பாதிதான் நிறையும். மேல் பக்கத்து நிலத்துத் தண்ணீரும் உங்கள் வழியாக இறங்குகிறதென்றால் கவலை குறைவு.

[காட்சி: குட்டையில் நட்ட அளவுகோல். தை முதல் வைகாசி வரை மட்டம் இறங்குகிறது.]

சரி, நிறைந்தது. அதில் எவ்வளவு மிஞ்சும்? வெயில் குடிப்பதைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை. தை மாதத்தில் நாளுக்கு 4 மில்லிமீட்டர் அளவில் ஆவியாகும் தண்ணீர், கத்திரி வெயிலில் 7, 8 மில்லிமீட்டர் வரை போகும். ஜனவரி முதல் மே வரை கூட்டினால் முக்கால் மீட்டருக்கு மேல் மட்டம் இறங்கிவிடும். லிட்டரில் சொன்னால் ஏறக்குறைய 5 முதல் 6 லட்சம்.

இதை மரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 5 மீட்டருக்கு 5 மீட்டர் இடைவெளியில் ஒரு ஏக்கருக்கு 160 கன்று. சின்னக் கன்றுக்குச் சொட்டு நீரில் நாளுக்கு 10 லிட்டர் என்று வைத்தால், கோடையின் 100 நாளுக்கு 1 லட்சத்து 60 ஆயிரம் லிட்டர். கன்றுகள் குடிப்பதைப் போல மூன்று மடங்குக்கு மேல் வெயில் குடிக்கிறது! மரம் வளர்ந்து நாளுக்கு 50 லிட்டர் கேட்கும்போது அது 8 லட்சம் ஆகும். வெயிலின் பங்கையும் சேர்த்தால் 14 லட்சம் போய்விட்டது. இந்த அளவுக் குட்டை, காய்க்கிற மாமரம் ஒரு ஏக்கரைக் காப்பாற்றும், அவ்வளவுதான். ஐந்து ஏக்கரையும் தோப்பாக்கும் ஆசை இருந்தால் அதை இங்கேயே குறைத்துக்கொள்ளுங்கள். அகலத்தைக் கூட்டுவதைவிட ஆழத்தைக் கூட்டுவது நல்லது. வெயில் எடுப்பது மேற்பரப்பில்தான்.

இதிலிருந்தே இன்னொன்றும் விளங்கும். சித்திரையில் மீனையும் காப்பாற்றி மரத்தையும் காப்பாற்றும் அளவுக்கு அங்கே தண்ணீர் இருக்காது.

[காட்சி: மூன்றடி குழி. அதில் ஊற்றிய தண்ணீர்.]

அப்புறம் மண். இடத்தை முடிவு செய்ததும் மூன்றடி ஆழத்துக்கு ஒரு குழி வெட்டித் தண்ணீர் ஊற்றுங்கள். முதல் தடவை ஊற்றியதை மண் குடித்துவிடும். மறுபடி நிரப்பி, மறுநாள் பாருங்கள். பெரும்பாலும் அப்படியே நின்றால் அந்த மண் தண்ணீரைப் பிடிக்கும். கரிசலும் களியும் நிற்கும். செம்மண்ணும் சரளையும் பல இடங்களில் நிற்காது.

நிற்காத மண்ணுக்கு 500 மைக்ரான் பாலித்தீன் ஷீட் விரிக்கிறார்கள். தண்ணீர் நிற்கும், சந்தேகமில்லை. ஆனால் செலவு வெட்டுக்கூலியையே தாண்டக்கூடும், நண்டும் எலியும் ஓட்டை போடும், பிறகு வண்டல் அள்ள இயந்திரத்தை உள்ளே இறக்க முடியாது. ஷீட்டுக்கு முன் ஒன்றை யோசியுங்கள். குட்டையைக் கிணற்றுக்கு மேல் பக்கம் அமைக்க முடியுமா? அப்படி அமைந்தால் கசிகிற தண்ணீர் கிணற்றில் ஊறும், அங்கிருந்து மரத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். மீனை மறந்துவிட்டுத் தோப்பை மட்டும் நினைப்பவருக்குக் கசியும் குட்டையே போதும். மீனும் வேண்டும் என்பவருக்குத்தான் ஷீட்டோ களிமண் பூச்சோ தேவை.

ஓடையை மறித்து வெட்டாதீர்கள். ஓடைப் புறம்போக்கு உங்கள் பட்டாவில் சேராது, வெள்ளமும் கரையை விட்டுவைக்காது.

[காட்சி: ஜேசிபி மேல்மண்ணைத் தனியாக ஒதுக்குகிறது.]

வெட்டுகிற வேலை சித்திரை, வைகாசியில். முதல் ஒரு அடி மேல்மண்ணைத் தனியாகக் குவிக்கச் சொல்லுங்கள். ஓட்டுநர் சலித்துக்கொள்வார், பரவாயில்லை. 900 சதுர மீட்டரில் ஒரு அடி என்றால் 270 கன மீட்டர் நல்ல மண். மாங்கன்றுக்கு நீளம், அகலம், ஆழம் ஒரு மீட்டர் வீதம் குழி எடுப்போம். 160 குழிக்கு 160 கன மீட்டர். அத்தனை குழிக்கும் மேல்மண் உங்கள் குட்டையிலிருந்தே கிடைத்துவிடுகிறது. குழிகளைச் சில வாரம் வெயில் காயவிட்டு, மேல்மண்ணோடு பத்துக் கிலோ மக்கிய தொழு உரம் கலந்து நிரப்பி, மழை தொடங்கியதும் ஒட்டுக்கன்றை நடலாம். ஒட்டுக் கட்டிய இடம் மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். முதல் மூன்று வருடம் பூத்தால் பூவைக் கிள்ளிவிடுங்கள். மனசு வராது, ஆனாலும் கிள்ளுங்கள்.

அடியிலிருந்து வரும் மண் கரைக்கு. அரை அடி போட்டு, நனைத்து, மிதித்து இறுக்கி, அதன் மேல் அடுத்த அரை அடி. மொத்தமாகக் கொட்டிய கரை ஐப்பசி மழையில் உட்காரும். தண்ணீர் வரும் வாயில் சின்ன வண்டல் தொட்டி, போகும் வாயில் வலை கட்டிய கலங்கல் வேண்டும். வலை கட்டாவிட்டால் முதல் நிறைவிலேயே மீன் பக்கத்துக் காட்டுக்குப் போய்விடும். மிச்ச மண்ணை விற்கும் எண்ணம் இருந்தால் நிறுத்துங்கள். நிலத்தை விட்டு வெளியே கொண்டுபோகக் கனிமவளத் துறை அனுமதி வேண்டும்.

[காட்சி: ஆக்சிஜன் நிரப்பிய பைகளில் மீன்குஞ்சுகள்.]

இப்போது மீன். கட்லா மேல்மட்டத்தில் மேயும், ரோகு நடுவில், மிர்கால் அடியில். மூன்றையும் கலந்து விட்டால் மூன்று மட்டத்து இரையும் வீணாகாது. நமக்கு இருப்பது ஐந்து, ஆறு மாதம்தான் என்பதால் விரலிகளை, அதாவது விரல் நீளச் சின்னக் குஞ்சுகளை, வாங்காதீர்கள். 50 முதல் 100 கிராம் வளர்ந்த குஞ்சாகக் கேளுங்கள். விலை கூடுதல், ஆனால் பங்குனிக்குள் அரை கிலோவைத் தொட அதுதான் வழி. இந்தக் குட்டைக்கு 300, 400 போதும். நிறைய விட்டால் நிறைய கிடைக்கும் என்று நினைப்பவர்களுக்குக் கடைசியில் கிடைப்பது விரல் நீள மீன்தான். கிஃப்ட் என்ற மேம்படுத்திய திலாப்பியா ரகமும் ஐந்தாறு மாதத்தில் வளரும். அதற்கு மீன்வளத் துறையில் பதிவு வேண்டும். ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்ப்பது தடை செய்யப்பட்டது, யார் சொன்னாலும் வாங்காதீர்கள். விராலுக்கு நல்ல விலைதான். ஆனால் அது மற்ற குஞ்சுகளைத் தின்னும், மழை இரவில் துள்ளி வெளியேறும். தனிக் குட்டை இருப்பவர்கள் யோசிக்கலாம்.

பையைப் பிரித்தவுடன் கொட்ட வேண்டாம். கால் மணி நேரம் தண்ணீரில் மிதக்கவிட்டு, குட்டைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் சேர்த்து, குஞ்சு தானாக நீந்திப் போகட்டும். தீவனம் தவிடும் கடலைப் புண்ணாக்கும் சரிபாதி. ஓட்டை போட்ட சாக்கில் கட்டித் தொங்கவிட்டால் வீணாகாது. சாணம் போட்டால் தண்ணீர் பச்சை கட்டும், அந்தப் பச்சைதான் மீனுக்கு முதல் தீவனம். முழங்கை வரை கையை இறக்குங்கள். அதற்கு முன்பே உள்ளங்கை மறைந்துவிட்டால் பச்சை அதிகம், சாணத்தை நிறுத்த வேண்டும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் பசி என்று நினைத்துத் தீவனம் போடாதீர்கள், ஆக்சிஜன் இல்லை என்று அர்த்தம். மோட்டாரைப் போட்டு அதே தண்ணீரை எடுத்து மேலிருந்து பீய்ச்சினால் தப்பிக்கும்.

[காட்சி: மாம்பூ. முதுகில் மருந்து டேங்குடன் ஒருவர்.]

இந்த இடத்தைக் கவனமாகக் கேளுங்கள். தை, மாசியில் மா பூக்கும். பூவுக்குத் தத்துப்பூச்சி வரும், மருந்து அடிப்பீர்கள். அதே நேரத்தில் குட்டையில் மீன் இருக்கிறது! பைரித்ராய்டு வகை மருந்துகள், அதாவது சைபர்மெத்ரின், லாம்டா சைஹலோத்ரின் போன்றவை, மிகச் சின்ன அளவிலேயே மீனைக் கொல்லும். தோப்பையும் குட்டையையும் சேர்த்து வைப்பவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான். குட்டைக்குப் பக்கத்து வரிசைகளில் இந்த வகை மருந்தே வேண்டாம். காற்று குட்டைப் பக்கம் வீசும்போது எங்குமே அடிக்க வேண்டாம். டேங்கைக் குட்டையில் கழுவவே கூடாது, ஆள் வைத்து அடித்தால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கரையில் மாவும் புளியும் வைக்காதீர்கள். வேர் கரையைப் பிளக்கும், இலை தண்ணீரில் அழுகி ஆக்சிஜனைத் தின்னும். வாழை, பப்பாளி, முருங்கை வைக்கலாம். சரிவில் வெட்டிவேர் மண்ணைப் பிடிக்கும்.

[காட்சி: சொட்டுநீர் வடிகட்டி. அடைத்துக்கொண்ட பாசி.]

பச்சைத் தண்ணீர் மரத்துக்கு நல்ல உரம், சொட்டு நீர்க் குழாய்க்கு எமன். வலை வடிகட்டி மட்டும் போதாது, மணல் வடிகட்டியும் வேண்டும். மோட்டார் உறிஞ்சும் வாயை அடியில் போடாமல், மிதவையில் கட்டி மேற்பரப்புக்கு ஒரு அடி கீழே வைத்தால் சேறு ஏறாது. குட்டை வற்றிய பிறகு அடி வண்டலை அள்ளி மரத்தடியில் போடுங்கள். மீன் கழிவும் சாணமும் ஊறிய மண் அது.

மானியம் பற்றிச் சுருக்கமாக. குட்டைக்கு வேளாண் பொறியியல் துறை, கன்றுக்கும் சொட்டு நீருக்கும் தோட்டக்கலைத் துறை. சிறு குறு விவசாயிகளுக்குத் தமிழ்நாட்டில் சொட்டு நீருக்கு 100 சதவீதம், மற்றவர்களுக்கு 75 சதவீதம். மீனுக்கு 2020-இல் தொடங்கிய பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பொதுப் பிரிவினருக்கு 40, பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 60 சதவீதம். அளவும் விதியும் மாறக்கூடியவை. வெட்டிய பிறகு போகாமல், வெட்டுவதற்கு முன் அலுவலகத்துக்குப் போய்க் கேளுங்கள்.

[காட்சி: ஷீட் போட்ட குட்டை. கரையில் நட்ட கம்பத்திலிருந்து தண்ணீருக்குள் தொங்கும் முடிச்சுக் கயிறு.]

கடைசியாக ஒன்று. ஷீட்டில் பாசி பிடித்தால் நீச்சல் தெரிந்தவராலும் ஏறி வர முடியாது, கால் வழுக்கும். நாலு பக்கமும் முடிச்சுப் போட்ட கயிறு கட்டுங்கள், சுற்றிலும் வேலி போடுங்கள். ஷீட் விரிக்கிற அன்றைக்கே அந்த வேலை முடிய வேண்டும், தண்ணீர் வந்த பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போட வேண்டாம். உங்கள் நிலத்தின் அளவு, மண் வகை, குழிச் சோதனையில் எவ்வளவு தண்ணீர் நின்றது, இந்த மூன்றையும் கமெண்டில் எழுதுங்கள். எந்த அளவுக் குட்டை சரியாக வரும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.