ஏழு பேர் இறந்தாலும் கேள்வி ஒன்றுதான்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

வண்டி மோதி ஓர் உயிர் போனால் அதை அலட்சியம் என்பதா, கொலையாகாத மரணம் விளைவித்த குற்றம் என்பதா? எனக்கு முன்னால் பேசியவர், "உயிரே போன பிறகு என்னய்யா அலட்சியம்? பத்து வருஷம் உள்ளே தள்ளுங்கள்" என்றார். கைதட்டலும் வாங்கினார். நானே தட்டப் போய்விட்டேன், நல்லவேளை, எந்த அணியில் உட்கார்ந்திருக்கிறேன் என்பது ஞாபகம் வந்தது.

சட்டம் பிணங்களை எண்ணிப் பிரிவைப் போடுவதில்லை. மோதுவதற்கு முன் ஓட்டியவர் மனதில் என்ன இருந்தது என்றுதான் கேட்கிறது. கவனிக்க வேண்டியதைக் கவனிக்காமல் விட்டாரா? அது அலட்சியம்: புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-வது பிரிவு. இப்படியே போனால் யாராவது சாவார்கள் என்று தெரிந்தும் போனாரா? அது கொலையாகாத மரணம் விளைவித்த குற்றம்: 105-வது பிரிவு, பத்து ஆண்டு வரை சிறை. கொல்லும் எண்ணமே இருந்தது என்றால் ஆயுள்வரைகூடப் போகும்.

மும்பை கார்ட்டர் சாலை வழக்கை எதிரணி பெரிதாகச் சொன்னது. சரி, அதையே எடுத்துக்கொள்வோம். 2006 நவம்பரில் ஒரு கார் நடைபாதையில் ஏறியது. அங்கே தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்களில் 7 பேர் இறந்தார்கள், 8 பேர் காயமடைந்தார்கள். ஓட்டியவரின் ரத்தத்தில் 0.112 சதவீதம் ஆல்கஹால். அதாவது 100 மில்லிக்கு 112 மில்லிகிராம். சட்டம் விட்டுவைப்பது 30. விசாரணை நீதிமன்றம் அலட்சியம் என்று ஆறு மாதம் கொடுத்தது. உயர் நீதிமன்றம் அதைக் கொலையாகாத மரணம் விளைவித்த குற்றமாக மாற்றி மூன்று ஆண்டு விதித்தது. 2012-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஏழு பேர் இறந்தார்கள் என்பதற்காகவா? இல்லை ஐயா. குடித்துவிட்டுக் கண்மண் தெரியாமல் ஓட்டினால் உயிர் போகும் என்பது அவருக்குத் தெரியும் என்று நீதிமன்றம் முடிவு செய்தது, அதனால். இது எங்கள் பக்கத்துச் சாட்சி, நடுவர் அவர்களே. எதிரணி தெரியாமல் கூட்டி வந்துவிட்டது!

போபால் விஷவாயு வழக்கையும் சொன்னார்கள். ஆயிரக்கணக்கானோர் செத்த வழக்கை 1996-ல் உச்ச நீதிமன்றம் பழைய தண்டனைச் சட்டத்தின் அலட்சியப் பிரிவான 304-ஏ-வுக்கு இறக்கியது, 2010-ல் வந்த தண்டனை இரண்டே ஆண்டு. அந்தக் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் அது இரண்டு ஆண்டு என்ற உச்சவரம்பின் மேல் வரவேண்டிய கோபம். 2024 ஜூலை 1 முதல் அந்த வரம்பு ஐந்து ஆண்டாகிவிட்டது. போதாது என்றால் இன்னும் ஏற்றுங்கள், நாங்கள் தடுக்கவில்லை. தெரியாமல் நடந்ததைத் தெரிந்து செய்ததாக எழுதாதீர்கள் என்றுதான் சொல்கிறோம்.

எழுதினால் என்ன ஆகும்? 106(1)-ல் ஜாமீன் உரிமையாகக் கிடைக்கும். 105-ல் அப்படியில்லை, டிரைவர் முதல் நாளே உள்ளே போவார், வழக்கு செஷன்ஸ் நீதிமன்றத்துக்குப் போகும். அங்கே அரசுத் தரப்பு அவருக்குத் 'தெரியும்' என்பதை நிரூபித்தாக வேண்டும். ரத்தப் பரிசோதனை, சிக்னல் கேமரா, "மெதுவாப் போ" என்று கத்திய பக்கத்து சீட்காரரின் வாக்குமூலம், இப்படி ஏதாவது கையில் இருக்க வேண்டும். வெறும் "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து" என்ற எஃப்.ஐ.ஆர். வரியை வைத்துக்கொண்டு அங்கே என்ன செய்ய முடியும்? வருஷக்கணக்கில் இழுத்து, கடைசியில் 106-க்கே இறங்கி வரும். இறந்தவரின் குடும்பம் அத்தனை வாய்தாவுக்கும் அலையும்.

அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் எனக்கு ஒரு பதில் மட்டும் சொல்லட்டும். மழையில், வளைவில், வேகத்தைக் கொஞ்சம் தப்பாகக் கணித்த ஒரு பஸ் டிரைவர். ஒரு சொட்டு குடிக்கவில்லை. பிரேக் பிடித்தார், பஸ் வழுக்கியது, ஒருவர் இறந்தார். இவரையும் கார்ட்டர் சாலைக்காரரையும் ஒரே பிரிவில் நிறுத்துவீர்களா, மாட்டீர்களா? மாட்டேன் என்றால், எங்கள் அணியில் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது.