மூக்கைவிடத் தோள் முக்கியம்

நேயர்களுக்கு வணக்கம். மாதிரி ராக்கெட்டுக்குக் கடைசல் எந்திரத்தில் மூக்குக்கூம்பு கடையும்போது எல்லோர் கண்ணும் கூர்முனையில்தான் இருக்கும். ஆனால் ராக்கெட் பத்திரமாகத் தரையிறங்குவது குழாய்க்குள் நுழையும் தோள்பகுதியைப் பொறுத்தது.

அமெரிக்காவின் எஸ்டஸ் நிறுவனத்து பி.டி.-50 அட்டைக்குழாயை எடுத்துக்கொள்வோம். வெளிவிட்டம் 24.8 மி.மீ., உள்விட்டம் 24.1. இதற்கு 30 மி.மீ. சதுரத்தில் 115 மி.மீ. நீளத்துக்கு, பால்சா என்னும் மிக லேசான மரத்தின் கட்டை வேண்டும். மரத்தின் ரேகை நீளவாக்கில் ஓட வேண்டும். ஒரு முனையின் நடுவில் 35 மி.மீ. ஆழத்துக்கு 6 மி.மீ. துளையிட்டு, கெட்டி மரக்குச்சி ஒன்றை ஒட்டி, ஓர் இரவு காயவிடுங்கள். எந்திரத்தின் சுழலும் பிடியான சக் பிடிப்பது இந்தக் குச்சியைத்தான். துளை சாய்ந்திருந்தால், மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக் கட்டையை அழுத்தி நேராக்கிவிடும். அதை விலக்கியதும் முனை ஆடும்.

நான்கு மூலைகளையும் சீவிவிட்டு ஓட்டுங்கள். நிமிடத்துக்கு 1500 சுற்று போதும். மழுங்கிய உளி பால்சாவின் நாரைப் பிய்த்துவிடும். மரப்பட்டியில் ஒட்டிய 80-ஆம் எண் உப்புத்தாளே நல்லது. பிறகு 120, 220. தூசி மிக நுண்ணியது. முகமூடியும் கண்ணாடியும் கட்டாயம், கையுறை கூடவே கூடாது.

பென்சில் எடுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். 75 மி.மீ. நீளக் கூம்பின் வளைவை ஒப்பிட்டுப் பார்க்க அட்டையில் 233 மி.மீ. ஆரத்தில் வில் வரைந்து வெட்டுங்கள். முனையிலிருந்து 25 மி.மீ. தள்ளி விட்டம் 13.9 வரும், 50-இல் 22.1. அடிவிட்டத்தை 24.6-இல் நிறுத்துங்கள், மீதியை, மரத்தின் நுண்துளையை அடைக்கும் சீலரும் பெயின்ட்டும் நிரப்பும்.

தோளின் நீளம் 25 மி.மீ., விட்டம் 23.9. மறுபடி அதே நிலையில் மாட்டுவதற்காக, குச்சியில் சக்கின் முதல் தாடை பிடித்த இடத்தைக் குறித்துவிட்டுக் கழற்றி, குழாயைப் போட்டுப் பாருங்கள். ராக்கெட்டைத் தலைகீழாகப் பிடித்தால் கூம்பு விழக்கூடாது. லேசாக உதறினால் விழ வேண்டும். இறுக்கமாக இருந்தால் பாராசூட்டைத் தள்ளும் மருந்து வெடித்தும் கூம்பு கழலாது, ராக்கெட் ஈட்டிபோல் மண்ணில் குத்தும். தளர்வாக இருந்தால் மோட்டார் அணைந்த கணத்திலேயே, வேகம் குறையாத நிலையில், கூம்பு பிரிந்து பாராசூட் கிழியும். தளர்வுக்கு ஒரு சுற்று மாஸ்க்கிங் டேப் போதும். ஈரக்காற்றில் பால்சா உப்பும். பறக்கவிடும் காலையில் மறுபடி சோதியுங்கள்.

முனையைக் கடைசியில்தான் அறுக்க வேண்டும். குச்சியைத் தோளோடு சமமாக வெட்டி, உள்ளே நிற்கும் துண்டில், பாராசூட் கயிற்றைக் கட்டும் வளைய ஆணியைத் திருகிப் பசையிடுங்கள். வெறும் பால்சாவில் திருகினால் பாராசூட் விரியும் இழுப்பில் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். தோளில் மட்டும் பெயின்ட் படாமல் டேப் சுற்றிவிடுங்கள்.