ஓபெத்தின் 'ஆர்க்கிட்': பல்லவி இல்லாத 14 நிமிடங்கள்

[திரையில்: ஆல்பத்தின் அட்டைப்படம்]

இந்த அட்டைப்படத்தில் ஓர் ஆர்க்கிட் மலரைத் தவிர வேறெதுவும் இல்லை. முதற்பதிப்பின் முகப்பில் குழுவின் பெயர்கூட அச்சிடப்படவில்லை. உறுமல் குரலும் கனத்த கிட்டாரும் கொண்ட டெத் மெட்டல் இசையின் அட்டைகளில் மண்டையோடும் குருதியும் வழக்கமாக இருந்த காலத்தில், 1995 மே மாதம், பிரிட்டனின் கேண்டில்லைட் நிறுவனம் வெளியிட்ட 'ஆர்க்கிட்', சுவீடனைச் சேர்ந்த ஓபெத் குழுவின் முதல் ஆல்பம்.

அன்றைய ஸ்டாக்ஹோமில் டெத் மெட்டல் என்றால், ரம்பம் அறுப்பது போன்ற கிட்டார் ஒலியும், நான்கைந்து நிமிடங்களில் முடிந்துவிடும் பாடல்களும்தான் நினைவுக்கு வரும். என்டூம்ப்ட், டிஸ்மெம்பர் போன்ற குழுக்கள் சன்லைட் ஸ்டுடியோவில் உருவாக்கிய அந்த ஒலியைப் பலரும் பின்பற்றிக்கொண்டிருந்தபோது, அதே நகரத்தின் ஓபெத், 1994இல், ஃபின்ஸ்பாங் என்னும் சிற்றூரில் ஒலிப்பதிவாளர் டான் ஸ்வானோ நடத்திவந்த யூனிசவுண்ட் ஸ்டுடியோவுக்கு இந்த ஆல்பத்தைப் பதிவுசெய்யச் சென்றது. குரலுக்கும் கிட்டாருக்கும் பொறுப்பேற்ற மிக்கேல் ஒகர்ஃபெல்ட்டுக்கு அப்போது ஏறத்தாழ 20 வயது.

முதல் பாடலான 'இன் மிஸ்ட் ஷீ வாஸ் ஸ்டாண்டிங்' 14 நிமிடங்களுக்கு மேல் நீள்கிறது. திரைப்பாடல் கேட்டுப் பழகிய நம் காது, சரணம் முடிந்ததும் பல்லவி திரும்பும் என்று தன்னையறியாமலே காத்திருக்கும். இங்கே அப்படி எதுவும் திரும்புவதில்லை. ஒரு மெட்டு விரிந்து, களைத்து, அடுத்த மெட்டுக்கு இடம் விட்டு விலகுகிறது. ஒகர்ஃபெல்ட்டும் பீட்டர் லிண்ட்கிரெனும் தத்தம் கிட்டாரில் வெவ்வேறு மெட்டுகளை ஒரே நேரத்தில் வாசிக்க, அவை ஒன்றையொன்று பின்னிக்கொண்டு நகர்கின்றன. யோஹன் டி ஃபர்ஃபல்லாவின் பேஸ் கிட்டார் அடியில் பதுங்கிக் கிடக்காமல், மூன்றாவது மெட்டாக மேலெழுந்து பாடுகிறது. ஹெட்ஃபோனில், பேஸை மட்டும் பின்தொடர்ந்து ஒரு முறை கேட்டுப் பாருங்கள். அதே பாடல் வேறொன்றாகத் தோன்றும்.

உறுமல் குரல் ஓய்ந்ததும் மின்பெருக்கம் இல்லாத அக்கூஸ்டிக் கிட்டார் தொடங்கும் இடங்களைப் பலர் வியந்து பாராட்டுவதுண்டு. எனக்கோ, அவற்றில் சில இடங்களில் தையல் வெளியே தெரிகிறது: ஒரு பகுதி சட்டென நிற்கிறது, அடுத்தது முன்பின் தொடர்பின்றித் தொடங்குகிறது. பிற்காலத்து ஓபெத் இந்த இணைப்புகளை இழைத்து மெருகேற்றிவிட்டது. ஆனால், அடுத்து என்ன வரும் என்று ஊகிக்கவே முடியாத அந்தக் கரடுமுரடுக்காகத்தான் நான் இன்னும் இந்த முதல் ஆல்பத்துக்குத் திரும்பி வருகிறேன்.

மூன்றாவதாக வரும் 'சில்லவெட்' மூன்று நிமிடப் பியானோ இசை. வாசித்தவர் டிரம்ஸ் கலைஞரான ஆண்டர்ஸ் நோர்டின்.

[திரையில்: பாடல் பட்டியலின் கடைசி இரண்டு வரிகள்]

ஒரு விபத்தையும் இங்கே சொல்ல வேண்டும். 'ரெக்வியம்' என்ற சிறிய அக்கூஸ்டிக் இசை, இறுதிப் பாடலான 'தி அப்போஸ்டல் இன் ட்ரையம்ஃப்' தொடங்குமுன் முடிய வேண்டியது. மாஸ்டரிங் எனப்படும் இறுதி ஒலிச் சீரமைப்பின்போது வெட்டு தவறான இடத்தில் விழுந்ததால், அதன் முடிவுப் பகுதி அடுத்த பாடலின் தொடக்கமாக ஒட்டிக்கொண்டது. அதனால்தான் 'ரெக்வியம்' 1 நிமிடம் 11 வினாடியில் நின்றுவிடுகிறது. செயலியில் ஷஃபிளில் கேட்பவர்களுக்கு அது பாதியில் அறுந்ததுபோல் இருக்கும். இரண்டையும் இடைவெளியின்றித் தொடர்ந்து ஓடவிட்டால், வெட்டு விழுந்த இடமே காதில் படாது.