தோமண்ட் பாலத்தின் இரு முனைகள்

நேயர்களுக்கு வணக்கம். அயர்லாந்தின் மிக நீளமான ஆறாகிய ஷானன் கடலோதத்தை எதிர்கொள்ளும் இடத்தில் லிமரிக் நகரம் இருக்கிறது. 10ஆம் நூற்றாண்டில் கப்பலேறி வந்த வைக்கிங்குகள், ஷானனும் அதன் கிளையாறும் சூழ்ந்த தீவில் குடியேறினார்கள். ஏறும் ஓதத்தோடு கலங்கள் அதுவரை உள்ளே வரலாம். நான் சென்ற காலை ஓதம் வற்றியிருந்ததால், கரகவர் என்னும் பாறைத்திட்டின் மேல் ஆறு நுரைத்து இரைந்துகொண்டிருந்தது.

இங்கிலாந்தின் ஜான் மன்னர் 1200ஆம் ஆண்டையொட்டிக் கட்டுவித்த கோட்டை தீவின் கரையில் நிற்கிறது. 1168இல் நிறுவப்பட்ட புனித மரியாள் பேராலயமும் அருகிலேயே உண்டு. அங்கே, நெடுநேரம் நின்று வழிபடுவோர் சற்றே சாய்ந்துகொள்ள, மடக்கு இருக்கைகளின் அடியில் ஓக் மரத் தாங்கிகளைச் செதுக்கியிருக்கிறார்கள். ஒன்றில் இரண்டு மான்கள் கழுத்தைப் பின்னிக்கொண்டிருக்கின்றன. கோட்டைக்கு விரைபவர்கள் பெரும்பாலும் இதைத் தவறவிடுகிறார்கள் என்பது என் குறை.

ஆனால் லிமரிக்கின் கதையைக் கேட்க வேண்டிய இடம் தோமண்ட் பாலம். இன்றுள்ளது 19ஆம் நூற்றாண்டுக் கட்டுமானம். இதே இடத்தில் இருந்த பழைய பாலத்தில், 1691 செப்டம்பர் முற்றுகையின்போது, இங்கிலாந்தின் புராட்டஸ்டண்ட் மன்னர் மூன்றாம் வில்லியமின் படை துரத்தி வர, பின்வாங்கி ஓடிவந்த அயர்லாந்து வீரர்கள் நகர வாயிலை அடையுமுன்பே உள்ளிருந்தவர்கள் தூக்குப்பாலத்தை உயர்த்திவிட்டார்கள். எதிரியும் உடன் நுழைந்துவிடுவான் என்ற அச்சம்தான் காரணம். வெளியே சிக்கிய நூற்றுக்கணக்கானோர் வாளுக்கும் வெள்ளத்துக்கும் இரையானார்கள்.

அடுத்த சில நாட்களில் நகரம் பணிந்தது. அக்டோபர் 3 அன்று கையெழுத்தான உடன்படிக்கையின்படி ஏறத்தாழ 14,000 வீரர்கள் பிரான்சுக்குக் கப்பலேறினார்கள். 'காட்டு வாத்துகள்' என்று வரலாறு அழைப்பது இவர்களையும் இவர்களுக்குப் பின் சென்றவர்களையும்தான். ஊரில் தங்கிய கத்தோலிக்கர்களுக்கு அளித்த வழிபாட்டு உரிமை வாக்குறுதியோ, 1695 முதல் வந்த, அவர்களை ஒடுக்கிய தண்டனைச் சட்டங்களால் வெறும் எழுத்தாயிற்று.

அந்த உடன்படிக்கை எழுதப்பட்டதாக மரபு சொல்லும் கல், கோட்டைக்கு எதிர்க்கரையில், 1865இல் கட்டிய மேடைமீது இருக்கிறது. குதிரையேறக் கால் வைக்கும் கல்லாக இருந்தது என்கிறார்கள். ஓரங்கள் மூளியான சாதாரணச் சுண்ணாம்புக்கல். நினைவுப்பொருளாகச் சில்லுகளைப் பெயர்த்துச் சென்றவர்களுக்கு அஞ்சித்தான் உயரே ஏற்றினார்களாம். அதனருகே நின்று நான் திரும்பிப் பார்த்தபோது, ஓதம் ஏறிக் கரகவர் பாறைகள் மூழ்கியிருந்தன. எதிரே கோட்டைச் சுவர் முழு நீளமும் தண்ணீரில் தெரிந்தது.