மாதவிடாய் வலி: மாத்திரைக்கு உரிய நேரமும் மருத்துவரை நாட வேண்டிய நேரமும்

நேயர்களுக்கு வணக்கம். மாதவிடாய் வலிக்கு மாத்திரை போட்டும் கேட்கவில்லை என்று சொல்லும் பெண்களிடம் நான் முதலில் விசாரிப்பது, அதை எப்போது போட்டீர்கள் என்பதைத்தான். வலி தாங்க முடியாமல் போன பிறகு என்பதே பெரும்பாலும் கிடைக்கும் விடை.

கருப்பையின் உட்படலம் உதிரும் வேளையில் புராஸ்டகிளாண்டின் என்னும் வேதிப்பொருள்கள் அங்கே உருவாகின்றன. அவை கருப்பைத் தசையை இறுகச் செய்வதால், தசைக்குச் செல்லும் இரத்த ஓட்டம் குறைந்து அடிவயிற்றில் வலி எழுகிறது. இடுப்புக்கும் தொடைக்கும் அது பரவுகிறது. சிலருக்கு அந்த நாள்களில் குமட்டலும் வயிற்றுப்போக்கும் சேர்ந்து வருவதற்கும் இவையே காரணம். ஐபுபுரோஃபென், மெஃபெனமிக் அமிலம் போன்ற மருந்துகள் இப்பொருள்கள் உருவாவதையே தடுக்கின்றன. முன்பே உருவாகிவிட்டவற்றை அவை அகற்றுவதில்லை. ஆகவே, வலியோ உதிரப்போக்கோ தொடங்கியதும் முதல் மாத்திரையை எடுத்துக்கொண்டு, உறையில் குறிப்பிட்டுள்ள அளவை மீறாமல், உணவுக்குப் பின் இரண்டு மூன்று நாள்கள் சீரான இடைவெளியில் தொடர்வதே பலன் தரும். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்பிரினால் தூண்டப்படும் ஆஸ்துமா ஆகியவை உள்ளவர்களும், இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து உட்கொள்பவர்களும், கருவுற்றிருக்க வாய்ப்புள்ளவர்களும் மருத்துவரைக் கேளாமல் இவற்றைத் தொடக் கூடாது. அவர்களுள் பலருக்குப் பாரசிட்டமால் பொருந்தும். ஆனால் இந்த வலிக்கு அதன் வீரியம் சற்றுக் குறைவு.

வெந்நீர்ப் பையை ஏதோ பாட்டி வைத்தியம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். அடிவயிற்றில் வைக்கும் வெப்பம் வலியைத் தணிப்பது ஆய்வுகளிலும் தெரியவந்துள்ளது. தோல் வெந்துவிடாதபடி பையைத் துணியில் சுற்றி வைத்தால் போதும். முறையான உடற்பயிற்சியும் உதவும்.

இவற்றால் அடங்காத வலிக்கு ஹார்மோன் கலந்த கருத்தடை மாத்திரையை மருத்துவர் பரிந்துரைக்கலாம். திருமணமாகாத பெண்ணுக்கு இது எதற்கு என்று தாய்மார்கள் தயங்குவதை நான் அடிக்கடி காண்கிறேன். இங்கே அது வலிக்கான மருந்து. அதை நிறுத்திய பின் கருத்தரிக்கும் திறனுக்கு அதனால் குறை வருவதில்லை. எனினும் எல்லோருக்கும் அது ஏற்றதன்று என்பதால், தானாக வாங்கி உட்கொள்ளக் கூடாது.

சாதாரண மாதவிடாய் வலி பூப்பெய்திய முதல் சில ஆண்டுகளுக்குள் தொடங்கி, மாதந்தோறும் ஏறக்குறைய ஒரே விதமாக வந்து, இரண்டு மூன்று நாள்களில் அடங்கிவிடும். இந்தப் போக்கிலிருந்து விலகும் வலியைத்தான் கவனிக்க வேண்டும். பல ஆண்டுகள் வலியின்றி இருந்தவருக்குப் புதிதாக வருவது, மாதத்துக்கு மாதம் கூடுவது, உதிரப்போக்குக்குப் பல நாள்கள் முன்பே தொடங்குவது, உடலுறவின்போதோ மலம் கழிக்கும்போதோ வலிப்பது, இரு மாதவிடாய்களுக்கு இடையே இரத்தம் படுவது ஆகியவை எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உட்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வது), கருப்பைக் கட்டி, இடுப்பறை அழற்சி (கருப்பை, கருக்குழாய் ஆகியவற்றில் ஏற்படும் தொற்று) போன்றவற்றின் அறிகுறிகளாக இருக்கலாம். வேறு அறிகுறி இல்லாவிட்டாலும், உரிய நேரத்தில் மாத்திரை எடுத்தும் மூன்று சுழற்சிகளாக வலி குறையவில்லை என்றாலோ, மாதந்தோறும் பள்ளிக்கோ வேலைக்கோ விடுப்பு எடுக்க நேர்ந்தாலோ, அதுவே மருத்துவரைப் பார்க்கப் போதுமான காரணம்.

சில நிலைகளில் நாள் குறித்துச் செல்வதற்கு அவகாசம் இல்லை. மாதவிடாய் தள்ளிப்போன நிலையில் அடிவயிற்றில் கடும் வலி வந்தால், அது கருக்குழாயில் தங்கிய கருவாக இருக்கக்கூடும். அவ்வாறு வந்தாலும், வலியோடு மயக்கமோ காய்ச்சலோ துர்நாற்றமுள்ள வெள்ளைப்படுதலோ சேர்ந்தாலும், மணிக்கொரு நாப்கின் முழுதும் நனையும் அளவுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் உதிரம் போனாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

மருத்துவரிடம் செல்லும்போது, வலி தொடங்கிய நாள், நீடித்த நேரம், எடுத்த மாத்திரை, அதனால் கிடைத்த பலன் ஆகியவற்றை இரண்டு மூன்று மாதங்களுக்குக் குறித்துக்கொண்டு போனால் நோயறிவது எளிதாகும். உள்பரிசோதனைக்கு அஞ்சித் தள்ளிப்போடும் இளம்பெண்களுக்கு ஒன்று சொல்கிறேன்: பெரும்பாலும் வயிற்றின் மேல் வைத்துச் செய்யும் ஸ்கேனிலேயே பரிசோதனையைத் தொடங்கிவிடலாம், உங்கள் சம்மதமின்றி உள்பரிசோதனை செய்யப்படக் கூடாது. ஆனால் எண்டோமெட்ரியோசிஸ் பல நேரங்களில் ஸ்கேனில் தென்படுவதில்லை. ஆகவே ஸ்கேனில் ஒன்றுமில்லை என்ற பின்னும் வலி நீடித்தால், அந்த அறிக்கையோடும் உங்கள் குறிப்போடும் மகப்பேறு மற்றும் மகளிர் நோய் மருத்துவரை மறுபடியும் பாருங்கள். நன்றி, வணக்கம்.