வராமல் போனவர்களும் கணக்கில் உண்டு

எல்லோருக்கும் வணக்கம். டிமென்ஷியா என்ற மறதி நோய் வந்த அப்பாவையோ அம்மாவையோ வைத்துப் பார்த்துக்கொள்கிற குடும்பங்கள் டாக்டரிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்வி: இன்னும் எவ்வளவு காலம் எங்களை அடையாளம் தெரியும்? இதற்குப் புள்ளியியல் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்பதுதான் இன்றைய பேச்சு.

எம்.எம்.எஸ்.இ. என்று நினைவையும் சிந்தனையையும் அளக்கும் ஒரு சோதனை, 1975இல் வந்தது, இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. இன்று என்ன தேதி, 100இலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள், சற்றுமுன் சொன்ன மூன்று சொற்கள் என்ன, இப்படி மொத்தம் 30 மதிப்பெண். ஒருவர் 24 வாங்குகிறார் என்றால் என்ன அர்த்தம்? 30இலிருந்து இறங்கி வந்தவராக இருக்கலாம், இல்லை பள்ளிக்கூடப் பக்கமே போகாததால் நல்ல நினைவோடு இருந்தும் எப்போதும் 24தான் வாங்குகிறவராகவும் இருக்கலாம். அந்த ஒரு எண்ணை வைத்து எதுவும் தெரியாது. அதே ஆளை அடுத்த வருடமும் அதற்கடுத்த வருடமும் பார்த்தால்தான் சரிவு தெரியும்.

சரி, பல பேரைப் பல வருடம் பார்த்து, ஒவ்வொரு வருடமும் சராசரி எடுத்துக் கோடு போட்டால் போதாதா? போதாது. ஒரு கற்பனைக் கணக்கு சொல்கிறேன். மூன்று பேர், முதல் வருடம் 28, 24, 20. சராசரி 24. இரண்டு வருடம் கழித்து முதலாமவர் 27, இரண்டாமவர் 22, மூன்றாமவர் வரவே இல்லை, வர முடியாத நிலைக்குப் போய்விட்டார். இப்போது சராசரி 24.5! வந்த இருவரும் இறங்கியிருக்கிறார்கள், வராதவர் எல்லோரையும்விட அதிகம் இறங்கியிருப்பார், ஆனால் கோடு மேலே போகிறது. நிஜ ஆய்வுகளில் இது தினமும் நடக்கிற விஷயம், ஏனென்றால் முதியவர்கள் ஆய்விலிருந்து விலகுவதும் இறப்பதும் அவர்களுடைய சரிவோடு சேர்ந்தே நடக்கிறது.

1982இல் லேர்ட், வேர் என்ற இரு புள்ளியியலாளர்கள் எழுதிய ஒரு கட்டுரை இதற்கு நல்ல வழி காட்டியது. எல்லோருக்கும் பொதுவான ஒரு கோடு, அதைச் சுற்றி ஒவ்வொருவருக்கும் தனியாக ஒரு தொடக்கம், தனியாக ஒரு சரிவு. இரண்டே முறை வந்தவரையும் தூக்கிப் போட வேண்டாம், அவருடைய கோட்டை மதிப்பிட மற்றவர்களின் தரவும் கை கொடுக்கும். ஆனால் இதற்கும் ஒரு எல்லை உண்டு. கடைசியாக வந்தபோது ஓரளவு நன்றாக இருந்து, அதற்கப்புறம் மளமளவென்று இறங்கி, அதனாலேயே வராமல் போனவரை இந்தக் கணித மாதிரியால் சரியாகப் பிடிக்க முடியாது. அங்கேதான் கூட்டு மாதிரிகள் தேவைப்படுகின்றன: மதிப்பெண்ணின் போக்கையும், விலகும் அல்லது இறக்கும் காலத்தையும் ஒன்றோடொன்று பிணைத்து ஒரே சமயத்தில் மதிப்பிடுவது. கணக்கு கடினம், அனுமானங்களும் அதிகம், அவற்றை மாற்றி மாற்றிப் போட்டுச் சோதிக்காமல் முடிவை வெளியிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

சிகாகோவின் ரஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1994இல் கத்தோலிக்கத் துறவியரை வைத்துத் தொடங்கிய ஆய்வை நான் மிகவும் மதிக்கிறேன். வருடா வருடம் சோதனை, இறந்த பிறகு மூளைதானம், இரண்டுக்கும் சம்மதித்துத்தான் அவர்கள் சேர்ந்தார்கள். உயிரோடு இருந்தவர்களில் விலகியவர்கள் மிகக் குறைவு. அதனால் காலத்தை வயதிலிருந்து எண்ணாமல் இறப்பிலிருந்து பின்னோக்கி எண்ணிப் பார்க்க முடிந்தது. இறப்புக்கு ஏறத்தாழ மூன்றரை ஆண்டுக்கு முன் பலருக்குச் சரிவு திடீரென வேகமெடுப்பது தெரிந்தது. நேர்கோடு மட்டும் போட்டிருந்தால் இந்தத் திருப்பம் மறைந்தே போயிருக்கும். அப்புறம் 2013இல் அதே குழு, அல்சைமர், பக்கவாதத் தழும்பு, லூயி உருண்டைகள் (நரம்புச் செல்களில் சேரும் புரதக் கட்டிகள்) என்று மூளையில் கண்ட பாதிப்புகளையெல்லாம் சேர்த்தும், ஆளுக்கு ஆள் சரிவு வேறுபடுவதில் சுமார் 40 சதவீதத்தைத்தான் விளக்க முடிகிறது என்று காட்டியது. அதனால்தான் சொல்கிறேன், சராசரிக் கோட்டைக் காட்டி ஒரு குடும்பத்திடம் "உங்கள் அப்பாவுக்கு இத்தனை வருடம்" என்று யாரும் தேதி குறிக்கக் கூடாது. இத்தனையிலிருந்து இத்தனை வரை இருக்கலாம் என்று அகலத்தோடு சொல்லுங்கள், புதிய மதிப்பெண் வரும்போதெல்லாம் அதைத் திருத்துங்கள்.

இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா என்று, இந்திய முதியவர்களைப் பற்றிய லாசி-டாட் என்ற நாடு தழுவிய ஆய்வு மதிப்பிட்டிருக்கிறது, கிட்டத்தட்ட 88 லட்சம் பேர். இது எத்தனை பேர் என்ற கணக்கு. எவ்வளவு வேகம் என்பதற்கு அதே மனிதர்களிடம் திரும்பத் திரும்பப் போக வேண்டும். களத்தில் இறங்கும் இளைஞர்களிடம் என் வேண்டுகோள் இதுதான்: ஒருவர் வரவில்லை என்றால் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். வீட்டுக்குப் போய்ப் பாருங்கள், மகளிடமோ மருமகளிடமோ கேளுங்கள், ஏன் வரவில்லை, எப்போதிலிருந்து முடியவில்லை, இறந்திருந்தால் எந்தத் தேதி, எல்லாவற்றையும் எழுதுங்கள். அந்தத் தகவல் இல்லாமல் எந்த மாதிரியும் அவரை மீட்டெடுக்காது.