இணையதளத்தை யாரை உட்கார வைத்துச் சோதிப்பது?

சரி, அடுத்த கேள்வி. சென்னையில் ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தின் இணையதளக் குழுவில் வேலை பார்ப்பவர் அனுப்பியிருக்கிறார். "எங்கள் தளத்தை இரண்டாம் ஆண்டு மாணவர்கள் எட்டுப் பேரை உட்கார வைத்துச் சோதித்தோம். சுலபமாக இருக்கிறது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஆனால் அட்மிஷன் நேரத்தில் ஃபீஸ் எவ்வளவு என்று கேட்டு வருகிற போன் குறையவே இல்லை. பிளஸ் டூ பிள்ளைகளைத் தனியாகக் கூப்பிட்டுச் சோதிக்க வேண்டுமா? எத்தனை பேர் போதும்?"

கட்டாயம் கூப்பிட வேண்டும். அந்த எட்டுப் பேர் பொய் சொல்லவில்லை, அவர்களுக்குச் சுலபமாகத்தான் இருந்திருக்கும். ஒரு வருடம் உள்ளே சுற்றியவருக்கு எது எங்கே இருக்கிறது என்று தெரியாமலா போகும்? நம் ஊரில் வழி கேட்டால், இடித்துப் பத்து வருடம் ஆன தியேட்டரின் பெயரைச் சொல்லி அங்கே லெஃப்ட் எடுங்கள் என்பார்கள். இங்கேயே இருப்பவருக்கு அது சரியான வழிதான். அன்று காலையில் கிளாம்பாக்கத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியவர் எங்கே போய்த் திரும்புவார்?

ஒரு கல்லூரிக்காக நான் செய்த சோதனையைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். மெனுவில் 'ஸ்கூல்ஸ்', 'புரோகிராம்ஸ்' என்று இரண்டு சொற்கள் பக்கத்தில் பக்கத்தில். கல்லூரி மொழியில் முதலாவது துறைகள், இரண்டாவது படிப்புகள். வடசென்னையில் அரசுப் பள்ளியில் படித்த ஒரு பெண், இசிஇ-க்கு, அதாவது எலக்ட்ரானிக்ஸ் என்ஜினீயரிங்குக்கு, ஃபீஸ் தேட வேண்டும். 'ஸ்கூல்ஸ்' பக்கமே போகவில்லை. ஏன்மா என்றேன். "அது அவங்க நடத்துற ஸ்கூலா இருக்கும் சார், நான்தான் ஸ்கூல் முடிச்சிட்டேனே" என்றாள். சரி, 'புரோகிராம்ஸ்'? "கல்ச்சுரல்ஸ், ஆண்டு விழா போட்டோ எல்லாம் போட்டிருப்பாங்க." யோசித்துப் பாருங்கள், நம் வீட்டில் புரோகிராம் என்றால் வேறு என்ன அர்த்தம்? அவள் தேடியது 'கோர்ஸ்' என்கிற சொல்லை. அது அந்தப் பக்கத்தில் எங்கேயும் இல்லை. கடைசியில் தளத்தை விட்டு வெளியே வந்து, கூகுளில் கல்லூரிப் பெயரோடு ஃபீஸ் என்று தட்டி, யாரோ ஒரு ஏஜென்ட் நடத்தும் பக்கத்தில் போய் நின்றாள். அதில் இருந்தது பழைய கட்டணம். அந்தக் கல்லூரியின் சொந்த மாணவர் ஒருவர்கூட இந்தத் தடுக்கலைக் காட்டியிருக்க மாட்டார்.

உண்மையான ஃபீஸ் எங்கே இருந்தது தெரியுமா? 'மேண்டேட்டரி டிஸ்க்ளோஷர்' என்று அடியில் ஒரு லிங்க். தொழில்நுட்பக் கல்வியைக் கண்காணிக்கும் மத்திய அமைப்பான ஏஐசிடிஇ கேட்பதால் கல்லூரிகள் போட்டே ஆக வேண்டிய ஆவணம் அது. அதற்குள் ஒரு பிடிஎஃப், அதில் ஸ்கேன் செய்து படுக்கையாகக் கிடந்த ஒரு அட்டவணை. போனில் அதைப் படிக்கக் கழுத்தைத்தான் சாய்க்க வேண்டும்.

உங்களுடையது நிகர்நிலை என்பதால் இன்னொன்றையும் கவனியுங்கள். இங்கே என்ஜினீயரிங் சேரப்போகிற பிள்ளை மனதில் இருப்பது டிஎன்இஏ என்கிற தமிழக அரசின் என்ஜினீயரிங் கவுன்சிலிங்: கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50, ஆக 200-க்குக் கட்-ஆஃப், அப்புறம் ஒவ்வொரு கல்லூரிக்கும் உள்ள கவுன்சிலிங் கோட் நம்பர். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் பொதுவாக அந்தக் கவுன்சிலிங்குக்குள் வருவதில்லை. அது உங்களுக்குத் தெரியும். பிள்ளைக்குத் தெரியாது. இல்லாத கோட் நம்பரைத் தேடிக்கொண்டே இருப்பான். "எங்களுக்குத் தனி நுழைவுத் தேர்வு, டிஎன்இஏ கோட் கிடையாது" என்று ஒரு வரி எழுதிப் போட்டால் போதும்.

எத்தனை பேர் என்று கேட்டீர்கள். ஐந்து பேர் போதும் என்கிற கணக்கு, இப்படிப்பட்ட சோதனைகளை ஆராய்ந்த ஜேக்கப் நீல்சனும் டாம் லாண்டவரும் 1993-ல் வெளியிட்டது. ஒரு ஆள் சராசரியாக 31 விழுக்காடு சிக்கல்களில் மாட்டுவார் என்றால், ஐந்து பேரில் ஏறக்குறைய 85 விழுக்காடு வெளியே வந்துவிடும். ஆனால் அந்த ஐந்து ஒரே வகையான ஆட்களுக்குத்தான் பொருந்தும். உங்களிடம் வருபவர்களில் பிள்ளை ஒரு வகை, பணம் கட்டப்போகிற அப்பா அம்மா இன்னொரு வகை. வகைக்கு மூன்று நான்கு பேரைக் கூப்பிடுங்கள். திருத்துங்கள். புதிதாக வேறு சிலரை வைத்து மறுபடி பாருங்கள். ஒரே தடவையில் பதினைந்து பேரைக் கூப்பிட்டு அறிக்கை எழுதுவதை விட இது எவ்வளவோ மேல்.

ஆள் கிடைப்பதை விடப் பெரிய கஷ்டம் அவர்களைப் பேச வைப்பது. மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல் என்று பாடப் புத்தகத்தில் எழுதியிருக்கும். நம் பிள்ளை பெரியவர் முன்னால் உட்கார்ந்தால் சொல்வது ஒன்றே ஒன்று: "நல்லா இருக்கு சார்." கண்டுபிடிக்க முடியாவிட்டால் தன் மேல்தான் தப்பு என்று நினைப்பான். நான் இரண்டு நண்பர்களைச் சேர்த்து ஒரே போனோடு உட்கார வைத்துவிடுவேன். "டேய், அது இல்லடா, மேல போ", "இதுல யூஜின்னா என்னடா?" என்று அவர்களே சண்டை போட்டுக்கொள்வார்கள், நமக்கு வேண்டியது எல்லாம் வந்துவிடும். இது என் கண்டுபிடிப்பு இல்லை. நவோமி மியாகே என்கிற ஜப்பானிய ஆய்வாளர், தையல் மிஷின் எப்படித் தைக்கிறது என்று இரண்டிரண்டு பேராக விவாதிக்க விட்டு, அவர்களுக்கு எப்படிப் புரிகிறது என்று ஆராய்ந்து 1986-ல் எழுதினார். இந்த முறையின் வேர் அங்கே இருக்கிறது. சோதிக்கும்போது, தளத்தை நீங்கள் செய்ததாகவும் சொல்லிவிடாதீர்கள். சொன்னால் பாராட்டுதான் கிடைக்கும்.

கொடுக்கிற வேலையிலும் மெனுவில் உள்ள சொல் வரக் கூடாது. 'அட்மிஷன்ஸ் போய் ஃபீஸ் ஸ்ட்ரக்சர் பார்' என்றால் விடையைக் கொடுத்துவிட்டுக் கேள்வி கேட்கிற மாதிரி. "உனக்கு இசிஇ படிக்க ஆசை. ஹாஸ்டலோடு முதல் வருடம் மொத்தம் எவ்வளவு ஆகும் என்று அப்பா கேட்கிறார், என்ன சொல்வாய்?" இப்படிக் கேளுங்கள். எந்தக் கேள்வியைக் கொடுப்பது என்று தெரியாவிட்டால், உங்கள் அட்மிஷன் ஆபீஸில் போன் எடுக்கிற அக்காவிடம் அரை மணி நேரம் உட்காருங்கள், அத்தனையும் அவரிடம் இருக்கும். சோதனைக்கு வருகிற பிள்ளை தன் போனிலேயே, தன் டேட்டாவிலேயே செய்யட்டும். உங்கள் லேபில் உள்ள பெரிய மானிட்டர் உங்களை ஏமாற்றும்.

நேரம் ஏப்ரல். மார்ச்சில் தேர்வு முடிந்திருக்கும், மே மாதம் ரிசல்ட், நடுவில் பிள்ளைகள் வீட்டில்தான் இருப்பார்கள். நீங்கள் திருத்துவதற்கும் கொஞ்சம் நாள் இருக்கும். பெரும்பாலும் பதினேழு வயது என்பதால் பெற்றோரிடம் கையெழுத்து வாங்காமல் திரையையோ குரலையோ பதிவு செய்யாதீர்கள். 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் பதினெட்டுக்குக் கீழே எல்லோரும் குழந்தைதான். கையெழுத்துப் போட வருகிற அம்மாவை அப்படியே விட்டுவிடாதீர்கள், டீ கொடுத்து உட்கார வையுங்கள். உங்களுக்கு வேண்டிய இரண்டாவது வகை ஆள் அவர்தான்.